முள்ளெலியா, கினிப்பன்றியா? பெங்களூரு வாடகை வீட்டில் ஒரு மார்கழிக் கணக்கு

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு தாளில் ஐந்து பெயர்களை எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டினாள். முள்ளெலி, கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், முயல், பூனை. முதல் பெயருக்குக் கீழே மட்டும் இரட்டைக் கோடு. நாயை அவளே விட்டுவிட்டாள். அல்சூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. கீழே குடியிருக்கும் உரிமையாளர் அம்மாவுக்கு நாய் என்றால் நடுக்கம். ஒன்பது ஆண்டுகளில் மூன்றே முறை வாடகை ஏற்றிய மனுஷியை நடுங்க வைக்க எங்களுக்கு மனமில்லை.

முள்ளெலியை அவள் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தியின் உள்ளங்கையில் மல்லாந்து படுத்து, இளஞ்சிவப்பு வயிற்றைக் காட்டிக்கொண்டு, மூக்கை ஆட்டும் காட்சி. நான் பார்த்த முள்ளெலி வேறு. உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆச்சி வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் காய்ந்த தோலோடு முள்ளெலியின் முட்கள். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தால் இரண்டு முள்ளைச் சுட்டுப் பொடித்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவார் ஆச்சி. முத்தடுப்பூசி வந்து இருமல் போன பிறகும் டப்பா போகவில்லை. அந்த டப்பாவுக்காகவே தேரியில் பிடிபட்டுச் செத்த முள்ளெலிகள் எத்தனையோ.

இந்த இரண்டும் ஒரே பிராணி அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊர்ப் புதர்க்காட்டிலும் தேரியிலும் திரிவது மெட்ராஸ் முள்ளெலி. தென்னிந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்ட் என்பவர் அறிவியல் பெயர் வைத்து விவரித்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால் அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஊரில் யாரோ பிடித்து வைத்திருக்கிறார், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன் என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால், ஆசையாகச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூண்டுக் கிளிக்கும் நட்சத்திர ஆமைக்கும் இதே கதைதான். ஆமை அதிர்ஷ்டம் என்று நம்பி வளர்ப்பவர் வீட்டுக்கு வனத்துறை வருவதும் ஒருவகை அதிர்ஷ்டமாக இருக்கலாம்.

செல்லப்பிராணியாக விற்கப்படுவது ஆப்பிரிக்கச் சிறு முள்ளெலி. சகாராவுக்குத் தெற்கே உள்ள வெப்பப் புல்வெளிகளைச் சேர்ந்தது. பெயரில் எலி இருந்தாலும் எலி இனமும் அல்ல, முள்ளம்பன்றிக்கு உறவும் அல்ல. பிள்ளையார் ஏறி வருகிற மூஞ்சூறுக்குத்தான் கிட்டத்து உறவு. சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் இந்த ஆப்பிரிக்க இனம் இல்லை. ஆனால் உயிருள்ள பிராணியை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். ஆகவே "இங்கேயே பிறந்த குட்டி" என்று கடைக்காரர் சொன்னால், பிறந்த வீட்டை விசாரியுங்கள், ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் முகம் மாறினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

படித்துத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். மீதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ரம்புட்டான்.

ரம்புட்டான் என் சித்தி மகன் வளர்க்கும் முள்ளெலி. அவன் மாரத்தஹள்ளிப் பக்கம் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கிறான். மார்கழியில் நாகர்கோவிலுக்குப் பத்து நாள் போக வேண்டியிருந்தது. "அக்கா, நீங்கள் வாங்கலாமா என்று யோசிக்கிறீர்களே, பத்து நாள் வைத்துப் பாருங்கள்" என்று கூண்டு, சக்கரம், ஹீட்டர், தெர்மாமீட்டர், ஒரு பெட்டி புழு ஆகியவற்றுடன் வந்து இறக்கினான். மகள் துள்ளிக் குதித்தாள். அன்று மாலை ஏழு மணிக்குக் கூண்டின் முன்னால் உட்கார்ந்தவள், ஒன்பதரைக்கு அப்படியே தூங்கிப்போனாள். ரம்புட்டான் வெளியே வந்தது பத்தே காலுக்கு.

அது வெளியே வருவதைப் பார்ப்பது சுகமான காட்சிதான். முதலில் கம்பளித் துணிக்கு அடியிலிருந்து ஈரமான மூக்கு மட்டும் நீளும். காற்றை இழுத்து இழுத்துச் சோதிக்கும். பிறகு முகம் வரும். நெற்றி முட்கள் மட்டும் கண்ணுக்கு மேலே தொப்பியைப் போல இறங்கி இருக்கும். நான் கையை நீட்டினால், குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அப்படி ஒரு சீறல். அடுத்த நொடி ஒரே முள் பந்து. கை பட்டால் ரத்தம் வராது, பனை மரத்துச் சில்லாடைபோல் உறுத்தும், அவ்வளவே. முள்ளுக்குப் பயந்து முள்ளெலியை வேண்டாம் என்பவர்கள் தவறான காரணத்துக்காகச் சரியான முடிவை எடுக்கிறார்கள். சரியான காரணங்கள் வேறு.

முதலாவது, அதன் பகல் நமக்கு இரவு. இரவு பத்தரைக்குச் சக்கரத்தில் ஏறினால் விடியற்காலை நான்கு வரை ஓட்டம். காட்டில் இரவெல்லாம் பூச்சி தேடி அலைய வேண்டிய உடம்பு அது. சக்கரம் இல்லாவிட்டால் கொழுத்து நோயில் விழும். அதுவும் கம்பிச் சக்கரம் கூடாது, விரல் சிக்கி ஒடியும். தளம் மூடிய, ஓரடி விட்டமாவது உள்ள சக்கரம் வேண்டும். ஓடிக்கொண்டே கழிவையும் வெளியேற்றும், அதன் மேலேயே ஓடும். காலையில் சக்கரத்தைக் கழுவுவது ஒரு வேலை, வெதுவெதுப்பான நீரில் நிற்க வைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அதன் பாதங்களைத் தேய்ப்பது இன்னொரு வேலை. மகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அது. ஆக, வேலை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் நாள் இரவு இன்னொரு கூத்து. நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்த கையைச் சரியாகக் கழுவாமல் கூண்டுக்குள் விட்டேன். விரலை நக்கியது, எதையோ மென்றது, வாயில் நுரை தள்ளியது. உடம்பை வில்லாக வளைத்து அந்த நுரையைத் தன் முதுகு முள்ளில் நாக்கால் பூசத் தொடங்கியது. வலிப்பு என்று நினைத்துத் தம்பியைத் தொலைபேசியில் எழுப்பினேன். "புது வாசனை கிடைத்தால் அப்படித்தான் பூசிக்கொள்ளும், அக்கா, நன்றாகத்தான் இருக்கிறது" என்றான். எல்லா முள்ளெலிகளுக்கும் உள்ள வழக்கமாம். ஒரு வாரம் அதன் மேல் நார்த்தங்காய் மணம் வீசியது.

இரண்டாவது, புழு. முள்ளெலி பூச்சி தின்னும் பிராணி. வீட்டில் வளர்ப்பவர்கள் கொழுப்புக் குறைந்த, புரதம் மிகுந்த உலர் பூனைத் தீவனத்தை முக்கிய உணவாகக் கொடுத்து, மீல்வார்ம் என்ற மஞ்சள் புழுவை அளவாகச் சேர்க்கிறார்கள். அந்தப் புழுவை உயிரோடு ஃபிரிஜ்ஜில் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் வண்டாகிவிடும். பத்து நாளும் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நெளிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கவிச்சி சேர்க்காத என் மாமியார் அந்தச் சமயம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவும் விரும்பவில்லை. பால் வைத்தால் குடிக்குமே என்பவர்களுக்கு: குடிக்கும், ஆனால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

மூன்றாவது காரணந்தான் பெரிது. அது வானிலை.

ஆப்பிரிக்க முள்ளெலிக்கு 24 முதல் 27 டிகிரி வரை சூடு வேண்டும். வெப்பம் 20-க்குக் கீழே சரிந்தால் உடம்பு உறக்க நிலைக்குள் போகப் பார்க்கும். ஆனால் வீட்டில் வளரும் பிராணியின் உடம்பு அதற்குத் தயாராக இருப்பதில்லை, அந்த உறக்கத்திலிருந்து பல எழுவதே இல்லை. பெங்களூரோ கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் 15, 16 டிகிரி இங்கே சாதாரணம். அதனால்தான் தம்பி ஒளி இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டரையும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் கூடவே கொண்டுவந்தான்.

ஏழாம் நாள் அதிகாலை கோலம் போட எழுந்தேன். இரவில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. எங்கள் இன்வெர்ட்டர் இரண்டு விளக்கையும் ஒரு மின்விசிறியையும் தாங்கும், ஹீட்டரை அதில் இணைத்திருக்கவில்லை. தெர்மாமீட்டர் 18 காட்டியது. ரம்புட்டான் பந்தாகத்தான் கிடந்தது. ஆனால் தொட்டபோது சீறவில்லை. வயிற்றுப் பக்கம் விரலை நுழைத்தேன், ஈரக்களிமண் போலக் குளிர்ந்திருந்தது. வெந்நீரில் முக்கக் கூடாது, மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும் என்று தம்பி எழுதிக் கொடுத்திருந்த தாளில் இருந்தது. சால்வைக்குள் வைத்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, துணி சுற்றிய வெந்நீர்ப் பையை மறுபக்கம் வைத்து, சோபாவில் உட்கார்ந்தேன். தெருவில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. கோலம் போடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சால்வைக்குள்ளிருந்து அந்தக் குக்கர்ச் சீறல் வந்தது. வாழ்க்கையில் என்னை ஒருவர் திட்டி நான் அழுதது மகிழ்ச்சியில் என்றால் அது அன்றைக்குத்தான்.

அன்று மாலையே மகளும் நானும் ஜீவன் பீமா நகரில் இருக்கும் அவள் தோழி வீட்டுக்குப் போனோம். அங்கே இரண்டு கினிப்பன்றிகள். அவர்கள் வீட்டம்மா சமையலறையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தார். காகிதம் சரசரத்ததுதான் தாமதம், கூடத்தில் இருந்து இரண்டும் "வீக், வீக்" என்று கத்தின. மாலை ஆறு மணி, பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம், பிராணியும் விழித்திருக்கிறது. இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்காமல் நான் முள், புழு, வாசனை என்று எதையெதையோ எண்ணிக்கொண்டிருந்தேன்.

வானிலையும் அப்படியே தலைகீழ். கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வீட்டு விலங்கானது. (அங்கே வளர்த்தது சாப்பிடத்தான் என்பதை மகளிடம் சொல்லவில்லை.) அதற்குக் குளிர் ஓரளவு பொறுக்கும், வெப்பந்தான் ஆகாது. 30 டிகிரியைத் தொட்டால் தவித்துச் சுருண்டுவிடும். உடன்குடியில் இதை வளர்ப்பது பாவம். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு வீட்டுக்குள் இதமாக இருக்கும். சித்திரை வெயிலில் மட்டும் கல்தரையும், நீரை உறையவைத்துத் துணி சுற்றிய பாட்டிலும் தேவைப்படும். முள்ளெலிக்கு ஆண்டில் நான்கு மாதம் மின்சார வாரியத்தை நம்ப வேண்டும், கினிப்பன்றிக்கு நான்கு வாரம் ஃபிரிஜ்ஜை நம்பினால் போதும்.

கினிப்பன்றியை மட்டும் தூக்கி வைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அதன் குறைகளையும் அந்த வீட்டம்மா மறைக்காமல் சொன்னார். ஒன்றை மட்டும் வளர்க்க முடியாது, தனிமையில் வாடிவிடும், இரண்டு வேண்டும். இரண்டு என்றால் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட இடமாவது வேண்டும். கடையில் விற்கும் அழகான மாடிக் கூண்டுகள் எதற்கும் உதவாது. புழுக்கை கணக்கில்லாமல் விழும். மனிதர்களைப் போல அதன் உடம்பாலும் வைட்டமின் சி-யைச் செய்துகொள்ள முடியாது. குடைமிளகாய், கொத்தமல்லி, ஒரு துண்டு நெல்லிக்காய் என்று தினமும் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போகும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் நாள் முழுவதும் புல் மெல்ல வேண்டும். உலர்ந்த புல் என்று கேட்டால் சில கடைகளில் நெல் வைக்கோலைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள், அது கூண்டில் படுக்கையாக விரிக்க ஆகும், உணவுக்கு ஆகாது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலே ஆபத்து, மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. கடையில் "ஜோடி" என்று கேட்காதீர்களாம். ஜோடி என்றால் ஆணும் பெண்ணுமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், இரண்டு மாதம் கழித்து ஆறு இருக்கும். "இரண்டு பெண்" என்று கேட்டு, மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மருத்துவர் விஷயத்தில் இரண்டுக்குமே சிரமந்தான். ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ள நகரம் இது. இருந்தாலும் நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகளில் பாதி, சிறு பிராணி என்றதும் வேறு யாரையாவது பாருங்கள் என்கின்றன. கினிப்பன்றியையாவது மேசையில் வைத்துத் தடவிப் பார்த்துவிடலாம். முள்ளெலி பந்தாகிவிட்டால் வயிற்றைப் பார்க்க மயக்கமருந்து தேவைப்படும், நகம் வெட்டுவதற்கே சில சமயம் அதுதான் வழி. அதற்கு வரும் நோய்களும் லேசானவை அல்ல. புற்றுநோய் அடிக்கடி வருகிறது. பின்னங்காலில் தள்ளாட்டமாகத் தொடங்கி உடம்பு முழுவதையும் முடக்கும் ஒரு நரம்பு நோய்க்கு மருந்தே இல்லை. நம் பக்கம் வரக்கூடியதும் உண்டு. அமெரிக்காவில் 2019-இலும் 2020-இலும் வளர்ப்பு முள்ளெலிகளால் சால்மொனெல்லா தொற்று பரவியதை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கண்டறிந்தது. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் முள்ளெலிப் பேச்சையே எடுக்க வேண்டாம். படர்தாமரை இரண்டு பிராணியிடமிருந்தும் தொற்றும், ஆகவே எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

பட்டியலில் மீதி மூன்று. ஹாம்ஸ்டரும் இரவுப் பிராணி, ஆயுள் இரண்டு ஆண்டு. இப்போது வாங்கினால் மகளின் எட்டாம் வகுப்பில் அழுகை. முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை இருக்கும், அதாவது அவள் கல்லூரியை முடிக்கும்வரை. அதோடு இன்டர்நெட் கம்பியைக் கடிக்கும், என் கணவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார், பேச்சு முடிந்தது. பூனை எனக்கு உண்மையிலேயே ஆசை. தெருவில் காருக்கு அடியில் ஒன்று எப்போதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதினைந்து ஆண்டு வாழும், மகள் வேலைக்குப் போன பிறகும் எங்களோடு இருக்கும். ஆனால் என் கணவருக்குப் பூனை முடி பட்டால் மூச்சு இரைக்கிறது. முள்ளெலி நான்கிலிருந்து ஆறு ஆண்டு, கினிப்பன்றி ஐந்திலிருந்து எட்டு. பத்தாம் வகுப்புத் தேர்வும் பிளஸ் டூ தேர்வும் குறுக்கே வரும் கணக்குதான் இரண்டும். அந்த ஆண்டுகளில் யார் கூண்டைக் கழுவப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும்போது யாரிடம் விடுவது? கினிப்பன்றியைக் கீழ்வீட்டு அம்மாவிடம் விடலாம், கீரை ஆய்ந்த மிச்சத்தைப் போடச் சொல்லலாம். (பசலை மட்டும் அளவோடு, சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்துவிடும்.) நானும் காட்டியாயிற்று, வாலில்லாததைப் பார்த்ததும் எலி அல்ல என்று ஒப்புக்கொண்டார். முள்ளெலியை விடுவதென்றால் தெர்மோஸ்டாட், புழு, இரவு விழிப்பு எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும் ஒருவர் வேண்டும். என் தம்பிக்கு நான் கிடைத்தேன். எனக்கு யார் கிடைப்பார்?

பத்தாம் நாள் இரவு அவன் ஊரிலிருந்து வந்தான், நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு. பதினொரு மணி இருக்கும். கூண்டுக்குள் கையை விட்டான். ரம்புட்டான் மூக்கை நீட்டி அவன் விரலை மோந்தது. நெற்றி முட்கள் அப்படியே படிந்து கிடந்தன. ஒரு சீறல் இல்லை. அவன் பாட்டுக்கு உள்ளங்கையில் ஏற்றிக்கொண்டு என்னோடு பேசத் தொடங்கினான், அது அவன் சட்டைக் கைக்குள் நுழைந்து மறைந்தது. பத்து நாள் சோறு போட்டவள் நான்.

தனியாக இருப்பவர், இரவு விழிப்பவர், ஹீட்டரை இன்வெர்ட்டரில் இணைக்கத் தெரிந்தவர், கொஞ்சல் எதிர்பார்க்காதவர், இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் முள்ளெலி அவருக்குத்தான். அவனுக்கு அது பொருந்துகிறது. ஒன்பதரைக்குத் தூங்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குக் கினிப்பன்றி. மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஃபிரிஜ் கதவில் இருந்த தாளில் முதல் பெயரை அடிக்காமல், இரண்டாவது பெயருக்குக் கீழே மூன்று கோடு போட்டாள்.

தை பிறந்ததும் இரண்டு பெண் கினிப்பன்றிகள் வருகின்றன. அருகம்புல் அவற்றுக்கு நல்ல தீனி என்பதால், சோமேஸ்வரர் கோயில் தெருவில் பூ விற்கும் அம்மாவிடம் தினம் ஒரு கட்டு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "பிள்ளையாருக்கு வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.